போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்தும் சந்தேகம் தீரவில்லையா? முதல் நாளிலிருந்து குடும்பத்தார் செய்ய வேண்டியவை

எங்கள் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், தன் சொந்தத் தோட்டத்துக் கிணற்றில் இறந்து கிடந்தார். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிற காட்டுப் பக்கம். எண்பதடிக் கிணறு, அதில் இருபதடி தண்ணீர். செருப்பு இரண்டும் தொட்டி மேட்டில் ஜோடியாக இருந்தது, செல்போன் மோட்டார் ரூமில் சார்ஜில் கிடந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்தபோது அதில் "நீரில் மூழ்கியதால் மூச்சுத்திணறி இறந்திருக்கக் கூடும்" என்று ஒரு வரி, பின்மண்டையில் நான்கு சென்டிமீட்டர் காயம் என்று இன்னொரு வரி. இரண்டு வரிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒன்றுமே இல்லை. "அந்தக் கெணத்துல குதிச்சு நீச்சல் பழகுன மனுசன், எப்படிங்க முழுகுவாரு?" என்று அண்ணி கேட்டார். ஸ்டேசனில் யாரும் பதில் சொல்லவில்லை. எங்களுக்கும் யாரிடம், எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியவில்லை.

அப்புறம் ஒன்றரை வருடம் அலைந்து, வக்கீல்களிடமும் ஓய்வுபெற்ற ஒரு தடயவியல் மருத்துவரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். முதல் வாரத்திலேயே இது தெரிந்திருந்தால் எங்களுக்குப் பாதிக் கேள்விக்காவது பதில் கிடைத்திருக்கும்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையில் ஒரு விஷயம் இல்லை என்றால் அதற்கு மூன்று காரணம் இருக்கலாம். தேடினார்கள், உண்மையிலேயே இல்லை. தேடினார்கள், ஆனால் அந்தச் சோதனையில் அது தெரியாது. தேடவே இல்லை. குடும்பத்தின் கோபம் எல்லாம் முதல் காரணத்தின் மேல் போகிறது, சிக்கல் பெரும்பாலும் மூன்றாவதில் இருக்கிறது. கீழே சொல்கிற ஒவ்வொரு படியும் அந்த மூன்றில் எது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான்.

எரிப்பதற்கு முன்னால்

சந்தேக மரணம் என்றால் போலீஸ் முன்பு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவில் வழக்குப் போட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 194-வது பிரிவு. ஸ்டேசனில் இன்னும் "ஒன் செவன்டிஃபோர்" என்றுதான் பேசுவார்கள், இரண்டும் ஒன்றுதான். இந்த முதல் தகவல் அறிக்கையில் (எப்.ஐ.ஆர்.) என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள். வீட்டில் எழவு விழுந்திருக்கும்போது ஏட்டு எழுதி நீட்டுகிற புகாரில் "மரணத்தில் யார் மீதும் சந்தேகம் இல்லை" என்ற வரி இருக்கும், நாமும் அழுதுகொண்டே போட்டுவிடுவோம். அந்த ஒரு வரி பின்னால் எல்லா இடத்திலும் குறுக்கே வந்து நிற்கும். உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றால் "மரணத்துக்கான காரணம் எங்களுக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்ல வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, யார் மீதும் பழியும் இல்லை.

எங்கள் பக்கம் எரிப்பதுதான் வழக்கம், பெரியவர்கள் மாற விட மாட்டார்கள். ஆனால் கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் அடக்கம் செய்யுங்கள். புதைத்த உடலை மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் தோண்டி எடுத்து மறுபரிசோதனை செய்ய 196-வது பிரிவில் வழி இருக்கிறது, இத்தனை நாளுக்குள் என்று நம் நாட்டில் காலக்கெடுவும் கிடையாது. எரித்த பிறகு மிச்சம் காகிதமும் போட்டோவும்தான். நாங்கள் அன்று சாயங்காலமே மின் மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

திருமணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு, அதை ஆர்.டி.ஓ. விசாரணை என்பார்கள். காவலில் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். இந்த இரண்டிலும் உங்கள் வாக்குமூலத்தைத் தனியாகக் கேட்பார்கள், அங்கே எதையும் விட்டுவிடாதீர்கள்.

மருத்துவருக்குப் போகிற காகிதம்

நிறையப் பேருக்கு இது தெரியாது. பிரேதப் பரிசோதனை செய்கிற மருத்துவர் சம்பவ இடத்துக்கு வருவதில்லை. போலீஸ் அனுப்புகிற கடிதத்தில் இருக்கும் நாலைந்து வரிதான் அவருக்குத் தெரிந்த கதை. "தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து" என்று அதில் எழுதியிருந்தால், வேலைப்பளுவில் இருக்கும் மருத்துவர் தவறி விழுந்ததற்குப் பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் கேட்காத கேள்விக்குப் பதில் தேட மாட்டார்.

ஆகவே பிரேத விசாரணை, அதாவது உடலைப் பரிசோதனைக்கு அனுப்பும் முன் போலீஸ் செய்யும் விசாரணை, நடக்கும்போதே, அதற்குச் சாட்சியாக நிற்கும் பஞ்சாயத்தார் கையெழுத்துப் போடும் அந்த நேரத்திலேயே, உங்கள் சந்தேகத்தை எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். கடைசியாக யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார், நீச்சல் தெரியுமா, வலிப்பு உண்டா, சமீபத்தில் யாருடன் தகராறு. ஒரு பிரதியை "மருத்துவருக்கும் அனுப்பி வைக்கவும்" என்று மேலே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

எங்கே பரிசோதனை நடக்கிறது என்பதும் முக்கியம். தாலுகா ஆஸ்பத்திரியில் அன்று டூட்டியில் இருக்கும் பொது மருத்துவர்தான் செய்வார். மருத்துவக் கல்லூரியில் தடயவியல் மருத்துவம் படித்தவர்கள் தனித் துறையாக இருக்கிறார்கள். நம் பக்கம் கோவை, பெருந்துறை, சேலம், கரூரில் கல்லூரிகள் உண்டு, திருப்பூரிலும் நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் திறந்தார்கள். அதனால் "மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள், வீடியோ எடுங்கள்" என்று மனுவில் கேட்பது ஒன்றும் பெரிய கேட்பு இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக முடித்துக் கொடுத்துவிடுகிறோம் என்று சொன்னால் உஷாராகுங்கள். 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று அனுமதித்தபோதே, கொலை, தற்கொலை, அழுகிய உடல், சந்தேக மரணம் இவற்றுக்கு அது பொருந்தாது, சட்டம் ஒழுங்கு பிரச்சினை இருந்தால் மட்டும் விதிவிலக்கு என்று சொல்லிவிட்டது.

நியாயம் கிடைக்கும் வரை உடலை வாங்க மாட்டோம் என்று மார்ச்சுவரி வாசலில் உட்காருவது நம் ஊரில் வழக்கம். கோபம் நியாயமானதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் குளிர்பெட்டியிலும் உடல் மாறிக்கொண்டுதான் இருக்கும். உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நாளில் ஒருவர் மனு எழுத, ஒருவர் வக்கீலைப் பார்க்க, ஒருவர் சம்பவ இடத்தைப் படம் எடுக்க என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உடலைப் பார்க்கும்போது

குடும்பத்தில் மனது திடமான ஒருவர், முடிந்தால் நர்ஸ் வேலையோ லேப் வேலையோ தெரிந்தவர், பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உடலைப் பார்க்கட்டும். காவல் மரணங்களில் குடும்பத்தார் உடலைப் பார்க்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 டிசம்பரில் விரிவான உத்தரவே போட்டிருக்கிறது. மற்ற மரணங்களில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். படம் எடுக்கும்போது காயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் அளவு சொல்ல முடியாது. அன்று போட்டிருந்த துணியைத் துவைக்கவோ எரிக்கவோ கூடாது. போலீஸ் கைப்பற்றவில்லை என்றால் நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பேப்பர் பையில் போட்டு வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்த்ததை எல்லாம் அடி என்று நினைத்துவிடாதீர்கள். இறந்த பிறகு ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கித் தேங்குவதால் முதுகிலோ நெஞ்சிலோ கருஞ்சிவப்பாகத் தெரியும், அது அடிபட்ட கன்றல் இல்லை. அழுகத் தொடங்கிய உடலில் மூக்கிலும் வாயிலும் ரத்தம் கலந்த நீர் வரும். தண்ணீரில் கிடந்தால் மீன் கடித்த இடம் வெட்டுக்காயம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கருஞ்சிவப்பு இருக்கிற இடமே ஒரு தகவல். இறந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அது நிலைத்துவிடும். குப்புறக் கிடந்தவரின் முதுகில் அது நிலைத்திருந்தால், இறந்து சில மணி நேரம் மல்லாந்து கிடந்து அதன் பிறகே புரட்டப்பட்டிருக்க வேண்டும். அறிக்கையில் அது எந்த இடத்தில் என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் அறிக்கையில் எழுதவே இல்லை.

அறிக்கையை எப்படி வாசிப்பது

இங்கிலீஷில், பாதி கையெழுத்தில் இருக்கும். தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் எழுதி வாங்குங்கள். பிறகு மூன்று நிற பேனா எடுத்துக்கொள்ளுங்கள். அளந்து, பார்த்து எழுதியது ஒரு நிறம். மருத்துவர் கருத்தாகச் சொன்னது ஒரு நிறம். அச்சடித்த படிவத்தில் இருந்தும் காலியாக விட்டது, அல்லது "இயல்பாக உள்ளது" என்று ஒரே சொல்லில் முடித்தது மூன்றாவது நிறம். எங்களுக்கு உதவிய மருத்துவர் இப்படித்தான் செய்யச் சொன்னார். மூன்றாவது நிறம் கோடு போட்ட இடங்கள்தான் கடைசியில் எங்கள் கேள்விப் பட்டியல் ஆனது.

காயம் பற்றிப் பார்க்கும்போது நீளம், அகலம், ஆழம், நிறம், எந்த இடம் என்பதோடு, இறப்பதற்கு முன் ஏற்பட்டதா பின் ஏற்பட்டதா என்று இருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தில்தான் ரத்தம் திசுக்குள் கசிந்து உறையும். கன்றலின் நிறத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. புதிதில் சிவப்பு, பிறகு நீலம், பழுப்பு, ஐந்தாறு நாளில் பச்சை, அப்புறம் மஞ்சள். ஆக பச்சை நிறக் கன்றல் அன்றைக்குப் பட்டது இல்லை. அது முந்தின வாரத் தகராறு ஒன்றின் அடையாளமாகவும் இருக்கலாம், வண்டியில் விழுந்ததாகவும் இருக்கலாம்.

கழுத்து விஷயத்தில் தொங்கியதற்கும் நெரித்ததற்கும் தழும்பு வேறுபடும். தொங்கினால் பொதுவாக மேலே, சாய்வாக, முழு வட்டமாக இல்லாமல். கயிற்றால் நெரித்தால் பொதுவாகக் கீழே, படுக்கையாக, சுற்றிலும். "நாவடி எலும்பு (நாக்குக்கு அடியில், கழுத்தின் மேல்பக்கம் இருக்கும் சின்ன எலும்பு) முறியவில்லை, ஆகவே நெரிக்கவில்லை" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இளவயதில் அந்த எலும்பு வளைந்து கொடுக்கும், சுலபத்தில் முறியாது. அதேபோல முறிந்திருப்பதை வைத்து மட்டும் கொலை என்றும் நீங்கள் முடிவு கட்ட முடியாது.

இறந்த நேரத்தை மணிக்கணக்காகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். உடல் விறைப்பு நம் வெயிலில் சீக்கிரம் வந்து சீக்கிரம் தளரும், குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் மெதுவாகும். இரைப்பையில் இருந்த சாப்பாடு மட்டும் கொஞ்சம் உதவும். அண்ணன் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் சாப்பிட்டது ராகிக் களி. அறிக்கையில் "பாதி செரித்த சோற்றுப் பருக்கைகள்" என்று இருந்தது. அந்த ஒரு சொல்லை நாங்கள் ஆறு மாதம் கவனிக்கவே இல்லை. எட்டு மணிக்குப் பிறகு எங்கேயோ சோறு சாப்பிட்டிருக்கிறார். எங்கே, யாரோடு?

கிணறு, வாய்க்கால், தொட்டி

கொங்கு நாட்டில் சந்தேக மரணம் என்றால் பாதிக் கதையில் தண்ணீர் வந்துவிடும். தோட்டத்துக் கிணறு, கீழ்பவானி வாய்க்கால், பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உயிரோடு தண்ணீரில் விழுந்தவருக்கும் இறந்த பிறகு போடப்பட்டவருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மருத்துவர் பார்ப்பவை சில உண்டு. மூக்கிலும் வாயிலும் துடைக்கத் துடைக்க வருகிற நுண்ணிய வெள்ளை நுரை. உப்பிப் பெருத்த நுரையீரல். மூச்சுக்குழாயின் உள்ளே சேறு, மணல், பாசி. கையில் இறுகப் பிடித்த புல். இவையெல்லாம் உடல் அழுகினால் மறைந்துவிடும். கோடையில் ஒரே நாளில் உடல் மிதக்கத் தொடங்கும், குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் நுரையும் போயிருக்கும்.

அந்த நிலையில் உதவக்கூடியது டயாட்டம் சோதனை. டயாட்டம் என்பது தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி வகை, மணல் மாதிரி கெட்டியான ஓடு உள்ளது, அழுகினாலும் அழியாது. மூச்சும் ரத்த ஓட்டமும் இருக்கும்போது தண்ணீரை உள்ளே இழுத்தால் அது ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். அதனால் தொடை எலும்பையோ நெஞ்செலும்பையோ எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் மஜ்ஜையில் இருந்த பாசி இந்தக் கிணற்றுப் பாசிதானா என்று ஒப்பிட அந்தக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டும். சம்பவம் நடந்த அன்றே ஒரு சுத்தமான பாட்டிலில் போலீஸ் எடுத்து முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். எங்கள் வழக்கில் யாரும் எடுக்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அடுத்த மழையில் கிணறு நிரம்பிவிட்டது. இந்தச் சோதனையும் முழு நிச்சயம் இல்லை, மூழ்கி இறந்தவர் உடலிலும் டயாட்டம் கிடைக்காமல் போவதுண்டு. ஆனாலும் எடுத்து வைத்தால்தானே பேசவே முடியும்.

தலைக்காயம் இருந்தால் கிணற்றை அளந்து வையுங்கள். கல் படி எத்தனை அடியில் துருத்திக்கொண்டிருக்கிறது, மோட்டார் பைப் எங்கே, எந்தப் பக்கம் கட்டு இடிந்திருக்கிறது. காயத்தின் வடிவம் கல் விளிம்போடு பொருந்துகிறதா என்று மருத்துவரிடம் கேட்க இந்தப் படமும் அளவும் வேண்டும்.

விசரா

அறிக்கையின் கடைசியில் "இரசாயனப் பகுப்பாய்வு வரும் வரை கருத்து நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று இருந்தால் உங்கள் கையில் இருப்பது முழு அறிக்கை இல்லை. இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளை (இவற்றைத்தான் விசரா என்பார்கள்) உப்புக் கரைசலில் போட்டு, ரத்தத்தைத் தனியாக எடுத்துத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கோவையிலேயே வட்டார ஆய்வகம் இருக்கிறது. மாதக்கணக்கில் ஆகும். அந்த முடிவு வந்த பிறகு மருத்துவர் இறுதிக் கருத்து என்று ஒன்று எழுதித் தர வேண்டும். நிறையக் குடும்பங்கள் அதைக் கேட்பதே இல்லை, பழைய காகிதத்தை வைத்துக்கொண்டே நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டியவை: பரிசோதனை நடந்த தேதி, மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த தேதி, முத்திரை சரியாக இருந்ததா. நடுவில் பல வாரம் இடைவெளி இருந்தால் அந்த ஜாடி எங்கே இருந்தது என்பது நியாயமான கேள்வி. இறப்பதற்கு முன் தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் சிகிச்சை நடந்திருந்தால் விஷம் உடலை விட்டுப் போயிருக்கலாம். அப்போது சேர்த்த அன்று எடுத்த ரத்தமும் வயிற்றைக் கழுவிய நீரும்தான் சாட்சி, அவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்லி அன்றே எழுதிக் கொடுங்கள். தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள், பக்கத்துக் காட்டில் என்ன பயிர் என்பதையும் சொல்லுங்கள். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போடுவது நமக்குச் சாதாரணம், அது விஷம் என்பதும் தெரியும். ஆய்வகத்தில் இருப்பவருக்கு எதைத் தேடுவது என்று ஒரு திசை வேண்டும்.

ரத்தத்தில் கொஞ்சம் ஆல்கஹால் என்று வந்தால் உடனே "குடித்துவிட்டு விழுந்தார்" என்று எழுதிவிடுவார்கள், விபத்துக் காப்பீடும் அதோடு போய்விடும். உடல் அழுகும்போது தானாகவே ஆல்கஹால் உண்டாகும். எத்தனை மில்லிகிராம், எங்கிருந்து எடுத்த ரத்தம், அப்போது உடல் எந்த நிலையில் இருந்தது என்று கேளுங்கள்.

எதுவுமே கிடைக்காதபோது

முழுமையாகப் பார்த்தும் காரணம் தெரியாத மரணங்கள் உண்டு, நூற்றுக்கு 2 முதல் 5 வரை என்று பாடப் புத்தகங்களே சொல்கின்றன. பரம்பரையாக வரும் சில இதயத் துடிப்புக் கோளாறுகளில் இதயத்தை அறுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. குடும்பத்தில் வேறு யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருந்தால் அதைச் சொல்லுங்கள், உயிரோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். தோட்டத்துச் சாலையில், அதாவது கொட்டகையில், தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியும்போது இறந்து கிடந்தால் கட்டுவிரியனை நினையுங்கள். அது கடித்த தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது, வலியும் பெரிதாக இருக்காது. ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டவரின் தோலில் கரிந்த அடையாளமே இல்லாமல் இருக்கலாம். அப்போது மின்வாரியத்தாரைக் கூப்பிட்டு ஸ்டார்ட்டரையும் எர்த்தையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

கேள்வியை எழுதுவது

எப்.ஐ.ஆர்., பிரேத விசாரணை அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இரசாயன அறிக்கை, இறுதிக் கருத்து. எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்கி, தேதி வரிசையில் அடுக்குங்கள். புகார் கொடுத்தவருக்கு எப்.ஐ.ஆர். நகல் இலவசம். எல்லாம் கையில் வந்ததும் ஓய்வுபெற்ற தடயவியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கருத்து வாங்கலாம், போட்டோ இருந்தால்தான் அவராலும் ஏதாவது சொல்ல முடியும்.

பிறகு விசாரணை அதிகாரிக்கு மனு. "கொலை செய்துவிட்டார்கள், நீதி வேண்டும்" என்று எழுதினால் பெற்றுக்கொண்டு மடித்து வைத்துவிடுவார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய மாதிரி எழுதுங்கள். "அறிக்கையில் இரண்டாவது காயம் இறப்பதற்கு முன் ஏற்பட்டதா? அந்தக் காயத்தால் நினைவு தப்பியிருக்குமா? கிணற்றின் கல் படியில் மோதி ஏற்பட்டிருக்க முடியுமா? டயாட்டம் சோதனைக்கு எலும்பு எடுக்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன்? இந்தக் கேள்விகளை மருத்துவரிடம் கேட்டு அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்யக் கோருகிறோம்." இந்த அளவுதான். நகல் டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும்.

பதில் வராவிட்டால்

மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று முடித்துவிட்டால், மறு விசாரணை, பிரிவு மாற்றம், சி.பி.சி.ஐ.டி. விசாரணை கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் என்றால் சென்னை. கரூரும் பழனி பக்கமும் மதுரைக் கிளை. இது தெரியாமல் கரூர்க்காரர் ஒருவர் சென்னைக்கு இரண்டு முறை போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100 எண்ணுக்குப் போன் செய்யுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம்.

நடக்காது என்று சொல்பவர்கள் நிறைய இருப்பார்கள். 2015-ல் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்த இளம் பொறியாளரின் மரணத்தையும் முதலில் தற்கொலை என்றுதான் பேசினார்கள். அவருடைய தாய் விடவில்லை. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2022-ல் கள்ளக்குறிச்சிப் பள்ளி மாணவி வழக்கில் உயர் நீதிமன்றம் மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிட்டு, இரண்டு அறிக்கைகளையும் ஜிப்மர் மருத்துவர் குழுவிடம் ஆராயக் கொடுத்தது. கேட்டதற்குப் பிறகுதான் அது நடந்தது.

எங்கள் மனுவில் ஏழு கேள்வி இருந்தது. மருத்துவரிடமிருந்து மூன்றுக்குப் பதில் வந்தது. காயம் இறப்பதற்கு முன் ஏற்பட்டது, கல்லில் மோதியும் வரலாம், நினைவு தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. பதில் வந்த அன்று அண்ணி அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "அப்ப வலி தெரிஞ்சிருக்காதுங்களா?" என்று மட்டும் கேட்டார். சோற்றுப் பருக்கை பற்றிய கேள்வி இன்னும் ஸ்டேசனில் இருக்கிறது, மாதம் ஒருமுறை நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.